சொல்லும் உறுதியும்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்திருக்கின்றன. இடையிடையே இந்துத் தமிழ் ஊர்களும் உள்ளன. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டும் தூரம் வயல். இவ்வூர்களின் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு வீட்டைச் சுட்டி, “இவ்வீடு யாருக்கு உரியது?” என்று வினவினால், “மூத்த மகளுக்குக் கொடுத்த வீடு” அல்லது “இளைய மகளுக்குக் கட்டுகின்ற வீடு” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். கொடுத்தது என்கிறார்கள். எவ்வாறு கொடுத்தார்கள் என்பது அடுத்த வினா. அதற்கு விடை சொல்லத் தொடங்கும்போதுதான் நாட்டின் சட்டம் வீட்டுக்குள்ளே வருகின்றது.

இக்கரையின் வழக்கம் நேயர்கள் பலருக்குத் தெரிந்ததே. மணமான பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளையே பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடன். மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவில் சிறியதொரு வீடு கட்டிக் குடியேறும் பெற்றோரும் உண்டு. தங்கைமாருக்கு வீடு முடியும் வரை தம் திருமணத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு உழைக்கும் அண்ணன்மாரும் உண்டு. ‘குடி’ என்னும் வமிசப் பெயரும் தாயின் வழியே வருகின்றது. அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் ஆராய்ச்சி செய்து 2008ஆம் ஆண்டிலே நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்றே, இவ்வமைப்பு அயலிலுள்ள இந்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது என விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

திருமணத்தைச் சட்டம் எவ்வாறு நோக்குகின்றது என்பதை முதலிற் பார்ப்போம். முஸ்லிம்களின் குடும்பச் சட்டம் இலங்கையில் 1806ஆம் ஆண்டிலேயே ஆங்கில ஆட்சியாளரால் ஒரு சிறு கோவையாக வெளியிடப்பட்டது. பின்னர் 1929ஆம் ஆண்டின் சட்டம் காதிமாரை ஏற்படுத்தியது. அதன் இடத்தை 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எடுத்துக்கொண்டு 1954ஆம் ஆண்டிலே நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்திலுள்ள ஒரு விதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. பதிவு செய்யப்பட்டமையால் மட்டும் ஒரு விவாகம் செல்லுபடியாகிவிடாது. பதிவு செய்யப்படாமையால் மட்டும் அது செல்லாததாகிவிடவும் மாட்டாது. முஸ்லிம் சட்டப்படி நிக்காஹ் ஒழுங்காக நடந்ததா என்பதே கேள்வி. பதிவு செய்ய வேண்டிய கடமை மணமகனுக்கும் வலிக்கும் நிக்காஹை நடத்தி வைத்தவருக்கும் உண்டு. தவறுவது குற்றமும் ஆகும். ஆயினும் விவாகத்தின் உயிர் பதிவுப் புத்தகத்தில் இல்லை. சாட்சிகளின் முன் சொல்லப்பட்ட சொல்லில் இருக்கின்றது.

இச்சட்டத்திலே பெண்ணின் வயது, அவளுடைய கையொப்பம், காதியாக நியமனம் பெறத்தக்கவர் யார் என்பன பற்றி நெடுங்காலமாக வாதம் நடந்து வருகின்றது. 2009ஆம் ஆண்டில் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018ஆம் ஆண்டிலேதான் அறிக்கை கொடுத்தது என்பதிலிருந்து அவ்வாதத்தின் கடுமையை உணரலாம். அது தனியானதொரு பேச்சுக்கு உரிய விடயம். இங்கே மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றே: நிக்காஹுக்குச் சொல் போதும் எனச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது.

இந்த அனுபவந்தான் மக்களை ஏமாற்றுகின்றது. அதே பந்தலில், அதே பெரியோர் முன்னிலையில், “இந்த வீட்டையும் வளவையும் என் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்” என்று வாப்பா சொல்கிறார். கேட்டவர் நூறு பேர். நிக்காஹைச் செல்லுபடியாக்கிய அதே சபை இதையும் செல்லுபடியாக்கிவிட்டது என்றே எல்லோரும் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கூறுவது யாதெனில், அசைவற்ற சொத்தை விற்பதோ கொடுப்பதோ ஈடு வைப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும். அதில் கொடுப்பவர் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு அதனை அத்தாட்சிப்படுத்த வேண்டும். இவ்வாறு எழுதிய பத்திரத்துக்கே நம் நாட்டுத் தமிழில் உறுதி என்று பெயர். உறுதி இல்லையேல் கொடையும் இல்லை. பந்தலில் இருந்த நூறு பேரும் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னாலும் காணி கைமாறியதாகாது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். சாய்ந்தமருதில் ஒருவர், கல்முனைக் கடைத்தெருவிலே புடவைக் கடை வைத்திருப்பவர் என்று கொள்வோம். மனைவியும் இரண்டு ஆண் மக்களும் மூன்று பெண் மக்களும் அவருக்கு உண்டு. மூத்த மகளுக்கு வீட்டை வாயினாற் கொடுத்தார். அவளும் மாப்பிள்ளையும் அங்கேயே பதினைந்து ஆண்டு வாழ்ந்தனர். உறுதி எழுதாமலே வாப்பா மௌத்தாகிவிட்டார். அவருடைய பெற்றோர் முன்னரே காலமானவர்கள். இப்போது அந்த வீடு யாருக்கு?

1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமில்லா உரிமையேற்றுச் சட்டம், இறந்தவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவரோ அதன் முறைப்படியே சொத்து சேரும் என்கிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அம்முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழு, ஆணுக்கு இரண்டு பங்கும் பெண்ணுக்கு ஒரு பங்குமாகப் பிரியும். கணக்குச் செய்து பார்த்தால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று; ஆண் மக்கள் இருவருக்கும் எட்டில் இரண்டு வீதம் நான்கு; பெண் மக்கள் மூவருக்கும் எட்டில் ஒன்று வீதம் மூன்று. முழு வீடும் தனதென்று நம்பி வாழ்ந்த மூத்த மகளுக்குச் சட்டத்தின் கணக்கில் உள்ளது எட்டில் ஒரு பங்கு மட்டுமே. அவளுடைய வீட்டுக்காக உழைத்த அதே சகோதரர்கள் கேளாமலே இருவருமாக அதிற் பாதிக்கு உரியவர்களாகிவிட்டனர். அவர்கள் நல்லவர்களாயின் தம் பங்கை எழுதிக் கொடுப்பார்கள். அவர்களுக்குப் பின் அவர்களுடைய மனைவிமாரும் மக்களும் வாரிசுகளாக வருவார்கள். அந்தப் பந்தலில் இருந்திராதவர்கள் அவர்கள்.

“பதினைந்து ஆண்டு ஆட்சி இருக்கின்றதே, பத்தாண்டு ஆட்சிக்குச் சட்டம் உரிமை கொடுக்கின்றதே” என்று சொல்வோர் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிக் கொடுப்பது மெய்யே. ஆனால் அந்த ஆட்சி உரியவருக்கு எதிரான ஆட்சியாக இருத்தல் வேண்டும். தகப்பன் வீட்டில் மகள் இருப்பது எதிரான ஆட்சி அன்று. அவருடைய அனுமதியினால் இருப்பதாகவே கொள்ளப்படும். அவர் இறந்த பின்னரோ அவள் சகோதரர்களோடு கூட்டு உரிமையாளி. கூட்டு உரிமையாளி ஒருவர் நெடுங்காலம் தனியே இருந்தமையால் மட்டும் மற்றவர்களின் உரிமை அழியாது. அவர்களை வெளிப்படையாக விலக்கியிருக்க வேண்டும். 1911ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்த கொறேயா – இசெரிஸ் அப்புஹாமி வழக்கு இந்நிலையை நிறுவிற்று. நம் நீதிமன்றங்கள் இன்றும் அதனைக் கையாள்கின்றன. அக்காள் தம்பியை வாசலில் மறித்து, “இது என் வீடு, உனக்கு இங்கே ஒன்றும் இல்லை” என்று சொல்லியிருந்தால் அவளுடைய வழக்குக்குப் பலம் கூடும். அன்பாக வரவேற்றுச் சோறு போட்டிருந்தால் வழக்குக்குப் பலம் குறையும். சட்டத்தின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

இனிக் காதியாரிடம் போகலாமா என்றால், அவருடைய அதிகாரத்துக்கு எல்லை உண்டு. மஹர், மனைவி மக்களின் தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு, விவாகரத்து முதலியவற்றை அவர் விசாரிக்கலாம். மாப்பிள்ளையிடம் கொடுத்த கைக்கூலியைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கையும் அவரிடம் செல்லும். வழக்கறிஞர் அங்கே தோன்ற முடியாது. கட்சிக்காரர் தாமே பேச வேண்டும். ஆனால் 1951ஆம் ஆண்டுச் சட்டம் கைக்கூலி என்பதற்குக் கொடுக்கும் வரைவிலக்கணத்தில் பணமும் அசையும் பொருளுமே அடங்கும். வீடும் காணியும் அடங்கா. ஆகவே, மாப்பிள்ளைக்குக் கொடுத்த பணத்துக்கு ஒரு மன்றம். அவர் குடியிருந்த வீட்டுக்கு வேறொரு மன்றம். வீட்டு வழக்கை மாவட்ட நீதிமன்றமே தீர்க்க வேண்டும். அங்கே முதற் கேள்வி உறுதி எங்கே என்பதுதான்.

உறுதி எழுதாமல் விடுவது அறியாமையால் மட்டுமன்று. நொத்தாரிசுவுக்குக் கூலி, அரசுக்கு முத்திரைத் தீர்வை என்று செலவு உண்டு. உறுதியைக் கேட்பது சம்பந்தியின் சொல்லை நம்பாமைக்கு அடையாளம் என்ற கூச்சமும் உண்டு. எழுதிக் கொடுத்துவிட்டால் மாப்பிள்ளை அதை ஈடு வைத்துவிடுவாரோ, மகள் நம்மைக் கவனியாது விடுவாளோ என்ற அச்சம் இவ்விரண்டிலும் வலியது. இவ்வச்சத்துக்குச் சட்டம் மருந்து வைத்திருக்கின்றது. பெற்றோர் தமக்குச் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு, அதாவது உயிரோடிருக்கும் வரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, மகளுக்கு நன்கொடை உறுதி எழுதலாம். அத்தகைய உறுதி முஸ்லிம் சட்டத்தின்படியன்றி நாட்டின் பொதுச் சட்டத்தின்படியே நோக்கப்படும் என்பதை எழுதுமுன் நொத்தாரிசுவிடம் விளக்கமாகக் கேட்டறிதல் நன்று.

சீவிய உருத்து எதுவும் வையாது கொடுக்கும் கொடையில் வேறொரு நுட்பம் உள்ளது. முஸ்லிம் சட்டப்படி கொடை நிறைவேற, கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றல், கையளித்தல் என்னும் மூன்றும் வேண்டும். கொடுத்த தகப்பனும் அதே வீட்டிற் குடியிருந்தால் கையளித்தது எப்போது என்ற சிக்கல் எழும். 1931ஆம் ஆண்டின் சட்டம் இதனை எளிதாக்கியது: உறுதியைப் பெறுபவர் கையிற் கொடுத்ததே சொத்தைக் கையளித்ததற்குச் சான்றாகும். அதே விதியின் மற்றொரு பகுதி, மீட்க முடியாதது என உறுதியிலேயே சொல்லப்பட்டிருந்தாலன்றி எந்தக் கொடையும் மீட்க முடியாததாகக் கருதப்படாது என்கிறது. ‘மீட்கமுடியாத’ என்ற ஒரு சொல் விடுபட்டமையால், கொடுத்த வீட்டைத் தகப்பன் திரும்ப எடுத்துக்கொள்ள வழி பிறக்கின்றது.

பெண்ணுக்கு வீடு என்ற வழக்கம் இக்கரைக்கு மட்டும் உரியதன்று. காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளை பெண் வீட்டிலே வாழ்வார்; வீடு பெண்ணுக்கே சேரும். சுமத்திராவின் மினங்கபாவு முஸ்லிம்களிடையே பரம்பரைச் சொத்து தாய்வழியே செல்லும். மலையாளக் கரையின் வடபகுதி மாப்பிள்ளைமாரிலும் ஒரு பிரிவினருக்குத் தாய்வழித் தறவாடு இருந்தது. அவர்களுக்கெனச் சென்னை மாகாணம் 1918ஆம், 1939ஆம் ஆண்டுகளிலே தனிச் சட்டங்கள் செய்தது. மட்டக்களப்புப் பகுதியிலோ முக்குவர் சட்டம் என்ற தாய்வழி முறை ஒன்று முன்னர் வழங்கி, 1876ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. அவ்வாண்டிலேதான் கிறிஸ்தோபர் பிரிட்டோ அம்முறையைப் பற்றிய நூலை அச்சிட்டார். மலையாளக் கரையில் வழக்கத்தைச் சட்டம் அறிந்திருந்தது, அறிந்தே மாற்றியது. கல்முனைக் கரையின் சீதன வீட்டைப் பற்றி இலங்கைச் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவும் இல்லை. வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இங்குள்ள ஒரே பாலம் நொத்தாரிசு எழுதும் உறுதிதான்.

அரச காணியாயின் அந்தப் பாலமும் போதாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ பெற்ற காணியை, பிரதேச செயலாளரின் முன் அனுமதி எழுத்திற் பெறாது மகளுக்கு எழுதினால் அந்த எழுத்துக்குப் பயன் இல்லை. பின்னுரிமையாளர் பெயரிடப்படாவிடத்து ஆண் மக்களுக்கே முதலிடம் கொடுத்த அச்சட்டத்தின் அட்டவணை 2022ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது. வீடு பெண்ணுக்கு என்று வாழும் ஊர்களின் அருகே, காணி ஆணுக்கு என்ற சட்டம் எண்பது ஆண்டுக்கு மேல் நிலவியது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதின. இலங்கையில் மிகுதியான உயிர்கள் அம்பாறை மாவட்டத்திலேயே மாண்டன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் மண்ணோடு மண்ணாயின. வீட்டோடு உறுதியும் போயிற்று. உறுதி இருந்தோருக்கு ஒரு வழி இருந்தது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலம் கட்சிக்காரரிடம், ஒரு படி நொத்தாரிசுவிடம், மற்றொரு படி காணிப் பதிவகத்தில் என மூன்று இடங்களில் இருக்கும். பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டுப் பெறலாம். வாயினாற் பெற்றவர்களுக்குப் பிரதியெடுக்க மூலமே இருக்கவில்லை. கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் மீளக் கட்டக் கூடாது என்று அப்போது கிழக்குக்கு விதித்தனர். அதனாற் பலருக்கு வேறிடத்திலே வீடு கொடுக்க வேண்டியதாயிற்று. பட்டியல் எழுதியவர்கள் ‘குடும்பத் தலைவர்’ என்ற கூட்டில் பல இடங்களில் ஆணின் பெயரையே எழுதினர். உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, அலை வந்து போன பின் மருமகனின் பெயரில் மீண்டும் எழுந்தது. இதனைப் பெண்கள் அமைப்புகள் அப்போதே சுட்டிக்காட்டின.

எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் கடைக்கு இப்போது செல்வோம். கல்முனைக் கடைத்தெருவில் மச்சான்மார் இருவர் சேர்ந்து கடை நடத்துவது புதிதன்று. முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. லாபம் பாதிக்குப் பாதி என்பது பேச்சு. முன்னர் கூறிய அதே 1840ஆம் ஆண்டுச் சட்டம், ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுடைய பங்காண்மை உடன்படிக்கை எழுத்தில் இருந்து கையொப்பமிடப்பட்டிருந்தாலன்றி வலுவற்றது என்கிறது. ஆயிரம் ரூபா ஒரு காலத்திற் பெருந்தொகை. இன்று அதனினுங் குறைந்த முதலுடைய கடை ஏது? எழுத்தில்லாத பங்காளி தன் பாதியைக் கேட்டு மற்றவர் மீது வழக்கிட முடியாது. ஆனால் கடைக்குச் சரக்குக் கொடுத்த கொழும்பு வியாபாரி, இருவரும் பங்காளிகளாக நடந்துகொண்டனர் என்பதைச் சான்றுகளால் நிரூபித்து இருவரிடமும் கடனைக் கேட்கலாம். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கின்றது. லாபத்துக்குப் பங்காளி அல்லாதவர் கடனுக்குப் பங்காளி ஆகிவிடுகிறார்.

கடையிலே வேலை செய்யும் பையனுடைய நிலை இதற்கு நேர் எதிரானது. அவனிடம் எழுத்து எதுவும் இல்லாவிட்டாலும் அவன் தொழிலாளியே. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என வேலை நேரத்தை வரையறுத்து, வேலை நிபந்தனைகளை எழுதிக் கொடுக்கும் கடமையை முதலாளியின் மேல் வைத்திருக்கின்றது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு ஊழியரும் பன்னிரண்டு முதலாளியும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் நம்பிக்கை நிதிச் சட்டப்படி முதலாளி மேலும் மூன்று செலுத்த வேண்டும். “சொந்தக்காரப் பையன், சாப்பாடும் போடுகிறோம், பெருநாளுக்கு உடுப்பும் எடுத்துக் கொடுக்கிறோம்” என்பது சேமலாப நிதிக்கு ஈடாகாது. கடிதம் கொடுக்காதது முதலாளியின் தவறு. அத்தவறைக் காட்டி அவரே தப்பிக்க முடியாது. மருதமுனையின் தறிகளில் நெய்வோர் பலருக்கு மட்டும் இப்பாதுகாப்பு எளிதில் எட்டுவதில்லை. வீட்டிலிருந்தே நெய்து எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவருக்கு முதலாளி யார் என்பதே வாதத்துக்குரியதாகிவிடுகின்றது.

சொல்லை முற்றிலும் ஏற்காதது நாட்டை விட்டுப் போகும் வாசல். மூன்றாவது மகளுக்கு வீடு இல்லை, வாப்பாவும் இல்லை. இரண்டாவது மகள் றியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவு செய்கிறாள் என்று கொள்வோம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டப்படி முகவருக்கு உரிமப்பத்திரம் இருக்க வேண்டும். போகிறவர் பணியகத்திற் பதிந்துகொள்ள வேண்டும். ஊருக்கு வந்து பெண்களைத் திரட்டும் தரகருக்கு இந்த உரிமப்பத்திரம் இருப்பது அரிது. அவருடைய சொல்தான் அவருடைய கடை. சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால், பதிவு இல்லாமல் போகிறாள் என்பதே அதன் பொருள். பதிந்து போனவருக்குப் பணியகத்தின் காப்புறுதி உண்டு, ஒப்பந்தப் பிரதி உண்டு, தூதரகத்திலே பெயர் உண்டு. பதியாமற் போனவளைத் தேட வேண்டி வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

பத்திரம் பொய்யானால் என்ன நேரும் என்பதற்குக் கிழக்கு மாகாணமே சாட்சி. மூதூரைச் சேர்ந்த றிஸானா நபீக் 2005ஆம் ஆண்டிலே சவூதி அரேபியாவுக்கு வேலைக்குச் சென்றார். பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு அப்போது வயது பதினேழு; கடவுச்சீட்டிலோ வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. சில கிழமைகளுக்குள் அவர் பராமரித்த குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு 2007ஆம் ஆண்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறுமி என்று பின்னர் எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள். கடவுச்சீட்டு வேறு விதமாகச் சொல்லிற்று. 2013ஆம் ஆண்டு சனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைக் கூட்டி எழுதுவது ஒரு சிறிய உதவி என்று இவ்வூர்களில் இன்னமும் நினைப்போர் உளராயின், அவர்கள் இவ்வரலாற்றை முழுதும் அறிந்திருக்க மாட்டார்கள்.

போன பின் அவள் இலங்கைச் சட்டத்தின் கீழ் இல்லை. வளைகுடா நாடுகளில் விசா, கபீல் எனப்படும் பொறுப்பாளரோடு கட்டப்பட்டது. அவரை விட்டு நீங்கினால் நாட்டில் இருக்கும் உரிமையும் நீங்கும். கட்டார் 2020ஆம் ஆண்டில் வேலை மாறுவதற்குக் கபீலின் சம்மதம் வேண்டாம் என்றது. சவூதி அரேபியா 2021ஆம் ஆண்டிற் செய்த தளர்வு வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவில்லை. குவைத் 2015ஆம் ஆண்டிலேயே வீட்டுப் பணியாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆகவே “அரபு நாடு” என்று பொதுவாகச் சொல்வதிற் பயன் இல்லை. எந்த நாடு, எந்த வேலை என்பதைப் பொறுத்தே உரிமை அமைகின்றது. கணவனும் மனைவியும் அங்கேயே வாழ்ந்து குழந்தை பிறந்தால், அப்பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்திற் பதிய வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வேண்டுவது அது. தாயின் வழியாகவும் பிள்ளைக்கு இலங்கைப் பிரசாவுரிமை சேரும் என்பது 2003ஆம் ஆண்டின் திருத்தத்திலேதான் வந்தது. குடியைத் தாய்வழியே எண்ணிய ஊர்களுக்கு நாடு அவ்வாறு எண்ண நெடுங்காலம் எடுத்தது.

றியாத்திலுள்ள மகள் மாதந்தோறும் பணம் அனுப்புகிறாள். தன் பெயரிலே வங்கிக் கணக்கு இருந்தால் அது அவளுடைய பணம். அண்ணனின் கணக்குக்குப் போனால் அது அண்ணனின் சொல். காணி வாங்குவதற்கு அவள் தூதரகத்தின் மூலம் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். அப்போதும் இன்ன காணியை வாங்க மட்டும் என்று எல்லை வகுத்து எழுதுதல் வேண்டும். ‘எல்லாக் கருமங்களும்’ என்று எழுதிய அற்றோணித் தத்துவம், வாங்கிய காணியை விற்கவும் இடம் கொடுக்கும்.

இறுதியாக, அக்காளின் வீட்டுக்கு மேலே ஒரு மாடி கட்டித் தங்கைக்குக் கொடுத்துவிடலாம் என்று குடும்பம் கூடிப் பேசுகின்றது. நிலம் குறுகிய இக்கரையிலே இது நாள்தோறும் நடப்பது. கட்டடம் எந்த நிலத்தின் மேல் நிற்கின்றதோ அந்த நிலத்தையே சேரும் என்பது நம் பொதுச் சட்டத்தின் பழைய விதி. கட்டியவர் செலவுக்கு நட்டஈடு கேட்கலாமேயன்றி மாடி தனதென்று இலகுவிற் சொல்ல முடியாது. அந்த நிலமோ இன்னும் வாப்பாவின் பெயரில். எட்டுப் பங்காக நிற்கின்றது. ஆகவே செங்கல் இறக்குமுன் உம்மாவும் சகோதரர் இருவரும் சகோதரிமார் மூவரும் நொத்தாரிசுவிடம் போக வேண்டும். றியாத்திலுள்ளவள் தன் பங்குக்கு அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். யாருக்கு எந்தப் பகுதி என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். ‘மீட்கமுடியாத’ என்ற சொல் விடுபடாமல் இருக்கின்றதா என்று தமிழிலே வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெறுகின்ற பெண்ணே, “இக்கொடையை ஏற்றுக்கொண்டேன்” என்று எழுதிய வரியின் கீழ்த் தன் கையினால் ஒப்பமிட வேண்டும்.